கல் வைத்த விண்மீன் திரள்

அன்புள்ள அத்தாவுக்கு மெஹர் ஸலாம் சொல்லி எழுதுவது. கால் வீக்கம் வற்றியதா? இங்கே ஸ்பெயினில் எனக்குக் குளிர் பழகிவிட்டது.

போன வாரம் தொலைநோக்கிப் பதிவில் ஒரு விண்மீன் திரளின் நடுப்பகுதியை ஆராய்ந்தோம். தூசிக்குள் பனிக்கட்டி, கூடவே கரிமச் சேர்மங்கள். அதில் ஒன்று அசிட்டிலின். மாங்காய் பழுக்க வைக்கிற கார்பைடு கல்லிலிருந்து கிளம்புமே, அதே வாயு! “அங்கயும் கல்லு வச்சுட்டாங்க அத்தா!” என்று தமிழில் சொல்லிச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நம்ம பேகம்பூர்ப் பழக்கடையில் வாங்க வருகிறவர்களிடம் பழத்தை மோந்து காட்டி, “கல்லு வச்ச பழம் நம்மகிட்ட கிடையாதும்மா” என்பீர்களே, அதை ஃபோனில் பேசி அனுப்புங்கள். உடன் வேலை செய்பவர்களுக்குப் போட்டுக் காட்டத்தான்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாதுதான். பரவாயில்லை, எனக்கும் சேர்த்து இரண்டு தடவையாகச் சொல்லி அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மெஹர்