நாளைக்கு என்று நின்ற பாடம்

மார்ச் 4, திங்கள்
வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வாரம். வேற்றுமொழி பேசும் மாணவர்களுக்குப் படிப்பிலும் பயிற்சியிலும் துணையாக இருக்க, பல்கலைக்கழகம் என்னை வைத்திருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து இன்று ஒரு கடிதம். அங்கே பயிற்சிக்குப் போயிருக்கும் மாணவிக்கு ஆர்வமே இல்லையாம். 'எப்போதும் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார்.' வெள்ளிக்கிழமையோடு திருப்பி அனுப்பப்போகிறார்கள். அனுப்பினால் அவளுக்கு ஒரு வருஷம் வீண்.

என் அதிகாரி, "மொழிதான் தகராறு. ரெண்டு நாள் பக்கத்துல உட்காரு, புரியாததை எளிமையா எடுத்துச் சொல்லு" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

மார்ச் 6
மொழி இல்லை. குப்பிகளில் அவள் எழுதி ஒட்டும் சீட்டுகளில் ஒரு பிழை கிடையாது. பிறகு என்ன?

மார்ச் 7
கூடத்தின் மேற்பார்வையாளர் உள்ளே வந்ததும் விருட்டென்று எழுகிறாள். வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறாள். அவர் பார்க்கிறார். "கிளம்பிட்டியா? சரி, மீதியை நாளைக்குப் பார்ப்போம்." "சரிங்க மேடம்." அந்த நாளை வருவதே இல்லை. நாலு வாரமாக இப்படி!

நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பாவும் இப்படித்தான். மூன்று நாற்காலி காலியாக இருந்தும் எழுத்தர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். எழுத்தர் மளமளவென்று பேசி முடித்துவிட்டார். விடுதியைப் பற்றிக் கேட்க வந்தவர் கேட்காமலேயே திரும்பினார். அன்று அப்பாவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

டீ குடிக்கும்போது அவளிடம் கேட்டேன், ஏன் எழுந்து நிற்கிறாய் என்று.
"பெரியவங்க முன்னாடி எப்படிக்கா உட்கார்றது? எங்க வீட்டுல முதுகுல ஒண்ணு விழும்" என்று சிரித்தாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "அவங்கதான் தினமும் என்னைப் போகச் சொல்றாங்க. என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

மார்ச் 8, வெள்ளி, காலை
நான்தான் மேடம்கிட்ட சொல்லணும். வேற யாரு சொல்லுவா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமான்னு அம்மா கேக்கும். உதிர்ந்துடும் போலத்தான் இருக்கு.

மாலை
சொல்லிவிட்டேன். "அவசரத்துல எழுந்திருக்கலை மேடம். அது மரியாதை."
"நான் என்னமோ முள்ளு மேல உட்கார்ந்திருக்கான்னு நெனச்சேன்!" என்றவர், "இதை அவளே சொல்லியிருக்கலாமே?" என்றார்.
"நீங்கதான் நாளைக்குன்னு சொல்லிட்டீங்களே மேடம்."
இப்படிச் சொன்னது நானா? அவருக்குக் கோபம் வரவில்லை. இன்னும் நாலு வாரம் பார்க்கலாம் என்றார். "அவளை உட்காரச் சொல்லு."
"நீங்க சொன்னாதான் உட்காருவா, மேடம்."

மார்ச் 13
உட்கார்ந்தாளாம். நாற்காலி நுனியில்.

ஏப்ரல் 5
மேற்பார்வையாளரின் தொலைபேசி. "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? இப்ப என்னை எழுந்திருக்க விட மாட்டேங்குறா. கேள்வி கேட்டே உயிரை வாங்குறா. நேத்து என் அறிக்கையிலயே ஒரு தப்பைக் கண்டுபிடிச்சு, உட்கார்ந்தபடியே நீட்டுறா!"

"கோபமா மேடம்?"

"பத்து நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் அறிக்கையைத் திருத்தினேன். அவ பயிற்சித் தாள்ல கையெழுத்தும் போட்டுட்டேன்."