கட்டிங் மெஷின் கம்ப்யூட்டரை மாற்றலாமா?

இன்று காலை காக்களூர் ஷெட்டில் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் மறுபடியும் அந்த அறிவிப்பு. இந்தப் பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதியதற்கு மாறுங்கள் என்கிறது. "பிறகு" என்பதை அழுத்திவிட்டு உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். நீ இறந்துபோய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

கும்மிடிப்பூண்டியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த தோழிகள் நாம் சேர்ந்து தொடங்கிய, கசிவு தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் வெட்டும் யூனிட் இது. புதியது எதுவானாலும் உனக்கு வேண்டும், எனக்கு வேண்டாம். இந்தக் கட்டிங் மெஷினை வாங்கும்போது ஒரு வாரம் சண்டை போட்டோம். "பயந்துகினே இருந்தா ஷட்டர்கூட தொறக்க முடியாதுடி" என்றாய். கடைசியில் மெஷினை வாங்கினோம், கையால் அழுத்தி வெட்டும் பழைய பிரஸையும் விற்கவில்லை. இருவருமே முதலில் சொல்லாத ஒன்றுதான் எப்போதும் முடிவாக வரும்.

இப்போது, பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு கேஸ்கெட் வரைபடம் அனுப்ப மாட்டோம் என்கிறது நம் பெரிய வாடிக்கையாளர் கம்பெனி. போன வாரம் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் மாத்திக்கலாம் மேடம். மெஷின்ல இருக்கறத மாத்தனா அந்த சாஃப்ட்வேர் ஓடுமான்னு தெரில. ஓடலன்னா பேஜாராயிடும்."

மெஷினைச் செய்த கம்பெனியும் இன்று இல்லை. பக்கத்தில் நின்ற, மெஷின் ஓட்டும் தேவி, "மெஷின் நின்னுட்சினா நாங்க இன்னாக்கா பண்றது?" என்றாள். மாற்றினால் மெஷின் போகலாம், மாற்றாவிட்டால் ஆர்டர் போகும்.

ஸ்கூட்டரில் வரும்போதெல்லாம் உன் பக்கத்தையும் நானே பேசிப் பார்த்தேன். நீ இதற்கு என்ன சொல்லியிருப்பாய் என்று உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

இன்று ஆபீஸ் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றச் சொன்னேன். மெஷினில் இருப்பது பழையதாகவே இருக்கட்டும் என்று அதன் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டோம். வரைபடத்தை இனிப் பென்டிரைவில் எடுத்துப் போய்ப் போட வேண்டும். வாடிக்கையாளர் கம்பெனியும் சரி என்றது. "இப்போதிக்கு ஓடும் மேடம்" என்றார் சர்வீஸ்காரர்.

உன் தைரியம் எனக்கு வந்துவிட்டது என்கிறார்கள் எல்லோரும். தைரியமெல்லாம் இல்லை. எதை முடிவு செய்தாலும், "அது எப்டிடி சரியா வரும்?" என்று உடனே உள்ளே ஒரு குரல் மறுக்கிறது. அது உன்னுடையதா என்னுடையதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுகிறேன்.