ஜாடி அறையில் யார் நின்றது

ஜூன் 4

பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தில் போனதற்கு முந்தின வருஷம். சினிமாக் கொட்டகையின் கூரை தீப்பிடித்ததும் அந்த வருஷம்தான். எதிர்வீட்டுத் தபால்காரருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததும் அந்த வருஷம்தான். அந்தக் கோடையில்தான் நான் விழுந்தேன்.

எந்த வருஷம்பா என்று மகள் கேட்டாள். எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியாது, இப்படித்தான் சொன்னேன். அவள் தபால்காரர் வீட்டுக்கு ஃபோன் போட்டு, இரட்டையரின் வயதைக் கேட்டு, கழித்துப் பார்த்து வருஷத்தைப் பிடித்துவிட்டாள். அதுகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டதாம்.

ஃபோனில் இந்த இடத்தைத் தொட்டுப் பேசினால் இதுவே எழுதிக்கொள்ளுமாம், தேதியும் போட்டுக்கொள்ளுமாம். பழைய தண்ணீர் நிலையத்தைப் பற்றி ஞாபகம் வருகிறதையெல்லாம் சொல்லி வைங்கப்பா என்று கொடுத்திருக்கிறாள். கையெழுத்தே தெரியாதவன் கையில் நாட்குறிப்பு. நான் சொல்வதைத்தான் எழுதுகிறதா, தன் இஷ்டத்துக்கு எழுதுகிறதா — எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 6

எனக்கே விளங்க வேண்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

மகள் ஒரு ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். பட்டம் இல்லாதவர்கள் இனிமேல் சோதனையில் கை வைக்கக் கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் தவணை. அதற்குள் பட்டம் வாங்கினால் இருக்கலாம். இல்லையென்றால் பாட்டில் கழுவப் போக வேண்டியதுதான். பட்டப்படிப்போ நாலு வருஷம்.

ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி இருக்கிறதாம். முன்னாலே படித்ததையும் பார்த்த வேலையையும் எடுத்துப் பார்த்து, அதற்குச் சமமான பாடங்களைக் கழித்துவிடுவார்களாம். கிரெடிட் என்று பேர். படிப்புக்குக் காகிதம் இருக்கிறது. வேதியியல் இரண்டு வருஷம் படித்தாள், நான் விழுந்த அன்றோடு கல்லூரி நின்றது. அதற்கு ஒரு வருஷம் கழித்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். இன்னொரு வருஷம், நிலையத்தில் பார்த்த வேலைக்குக் கிடைக்க வேண்டும். அது கிடைத்தால் இரண்டு வருஷத்தில் பட்டம்.

வேலைக்குக் காகிதம் எங்கே இருக்கிறது?

ஜூன் 7

நான் மணல் படுகையில் வேலை பார்த்தவன். ஆற்றுத் தண்ணீர் படிகாரத் தொட்டியில் தெளிந்து, மணல் வழியாக இறங்கி, அதற்குப் பிறகு ஊருக்குப் போகும். மணலின் மேலே படியும் பாசியைச் சுரண்டி எடுப்பது என் வேலை. ஏணி வழுக்கி இடுப்பெலும்பு போனது.

அங்கே ஒரு வழக்கம். நிரந்தர ஆள் படுத்துவிட்டால் வீட்டிலிருந்து ஒருத்தரைப் பதில் ஆளாக அனுப்பலாம். பதிவேட்டில் பேர் மாறாது. சம்பளம் பழைய ஆள் பேரில், ரேகையும் அவனே வைப்பான். அதிகாரிக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். பதில் ஆள் அங்கே இருக்கிறான், ஆனால் இல்லை.

நான் மகளை அனுப்பினேன். கொஞ்ச நாள் பாசி சுரண்டினாள். படித்த பெண் என்று தெரிந்ததும் கெமிஸ்ட் ஐயா ஜாடி அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். வரிசையாக ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஆற்றுத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம். எது சீக்கிரம் தெளிகிறதோ அந்த அளவைத்தான் அன்றைக்குத் தொட்டியில் போட வேண்டும். எனக்கு வேலை முடிந்து வீட்டுக்கு அனுப்புகிறவரைக்கும் ஏழு வருஷம் அவள்தான் பார்த்தாள். மாதா மாதம் கட்டிலில் படுத்தபடி ரேகை வைத்தது நான்.

ஜூன் 15

பல்கலைக்கழகத்தில் மகளை விசாரிக்கிற அம்மா நல்ல மாதிரிதானாம். ஆனால் நகராட்சியிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஏழு வருஷமும் உங்க அப்பா பேர்ல இருக்கே. வேலையும் மணல் சுத்தம்னு இருக்கே. இது அவரோட அனுபவம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

மாப்பிள்ளை சாப்பிடும்போது சொன்னார்: "அப்ப மாமாவுக்குத்தான் பட்டம் குடுக்கணும். கறுப்பு அங்கிக்கு அளவு எடுத்துடலாமா மாமா?"

எல்லாரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 16

நானே வந்து சொல்கிறேன் என்றேன். சொந்தக்காரர் சொல்வது செல்லாதாம். கூட வேலை பார்த்தவர் யாராவது, கண்ணால் பார்த்தவர், வாயால் சொல்ல வேண்டுமாம். மாதக் கடைசிக்குள்.

ஜூன் 18

யார் யார் என்று கேட்டாள். கண்ணை மூடினால் அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள்.

கெமிஸ்ட் ஐயா — நெஞ்சு வலி, பேத்தியின் பள்ளிக்கூட வாசலில். மேஸ்திரி — மஞ்சள் காமாலை. பம்பு மோட்டார் ஓட்டின பீப்பாய், பேருக்கேற்ற உடம்பு, கடைசியில் ஒரு கையால் தூக்கினார்கள். காவல்காரர் — பிள்ளையோடு வெளியூர் போய் அங்கேயே முடிந்துவிட்டார். குமாஸ்தா போன வருஷம்.

"அவ்வளவுதானாப்பா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன்.

ஜூன் 19

அவ்வளவு இல்லை. இன்னொருத்தன் இருக்கிறான்.

வால்வுக்காரன். ஆற்றிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிற வால்வைத் திறந்து மூடுகிறவன். நான் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கே வந்து, பதில் ஆளாக என் மகனைப் போடு, சம்பளத்தில் பாதி உனக்கு என்றான். மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து பகை. மாதா மாதம் அதிகாரியிடம் போய், அவன் பேரில் அவன் பெண் வேலை பார்க்கிறது, இது என்ன நியாயம் என்று கத்துவான். ஏழு வருஷமும் கத்தினான். என் வீட்டுக்காரி செத்தபோது எட்டிப் பார்க்கவில்லை. அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று எல்லார் எதிரிலும் சொன்னவன் நான்.

அவனிடம் போனால் என்ன சொல்வான்? அந்தப் பொண்ணா, அது அங்க வேடிக்கை பாத்துச்சு என்பான். இருக்கிற பேரும் கெடும். அதனாலதான் சொல்லல. வேற ஒண்ணும் இல்ல.

ஜூன் 20

வேற ஒண்ணும் இல்லையா?

ஜூன் 23

மகள் வேலை முடிந்ததும் குமாஸ்தா வீட்டுக்குப் போனாள். அவர் மனைவிக்கு இவளை நன்றாக நினைவிருக்கிறது. டிபன் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்தம்மா நிலையத்துக்குள் கால் வைத்தவர் இல்லை. கெமிஸ்ட் ஐயா வீட்டை விற்றுவிட்டார்கள். மேஸ்திரி மகள், அப்பா வீட்டில் வேலையைப் பற்றிப் பேசவே மாட்டார் என்றாளாம்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "விட்டுடலாம்பா. பாட்டில் கழுவுறதும் வேலைதான்."

இவ படிப்பை நிறுத்தினதும் என்னால. செஞ்ச வேலை இல்லாம போனதும் என் பேரால. இப்ப என் ரோஷத்துக்காக மூணாவதா ஒண்ணு.

ஜூன் 24

வால்வுக்காரன் வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். மகளிடம் சொல்லவில்லை.

அவன் மகன் டயர் கடை வைத்திருக்கிறான், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். மேலே மாடியில் வீடு. படி ஏறுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. நாற்காலியில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். மூச்சு இழுக்கிறது. காது மந்தம். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்னடா, என் வாசலை மிதிக்க மாட்டேன்ன. படியெல்லாம் மிதிச்சு வந்திருக்க" என்றான்.

"மிதிக்கலடா, பிடிச்சுப் பிடிச்சு ஏறினேன்" என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம், "அவங்க கேட்டா நான் பாத்ததைச் சொல்லுவேன். உனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றான்.

இதற்கு என்ன அர்த்தம்? பஸ்ஸில் வரும்போது இதையே உருட்டிக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மகளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவரா?" என்று மட்டும் கேட்டாள். முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் பல்கலைக்கழகத்து அம்மாவுக்கு அவன் நம்பரைக் கொடுத்தாள்.

ஜூன் 26

கெடுத்துவிட்டேனோ?

ஜூன் 28

இன்றைக்குத்தான் அந்தம்மா அவனிடம் ஃபோனில் பேசினார். மகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நான் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவன் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டேன். அவன் மகன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டான். காது மந்தமானவன் பேச்சு தெருவுக்கே கேட்கும்.

அந்த ஏழு வருஷமும் வேலை பார்த்தது அப்பாவா, மகளா என்று அந்தம்மா கேட்டார்.

"அவனா? படுத்துக் கெடந்தான்மா. சம்பளத்துக்கு ரேகை வெச்சதைத் தவிர ஒரு துரும்பைக் கிள்ளிப் போடல. நான் அப்பவே மாசாமாசம் ஆபீசுல போய்ச் சொன்னேன். ஒருத்தன் காதுல வாங்கல. நீங்கதான் இன்னைக்குக் கேக்குறீங்க."

என் ஆயுசில் இப்படி ஒரு வசவு வாங்கிச் சந்தோஷப்பட்டதில்லை.

மகள் என்ன வேலை செய்தாள் என்று கேட்டார். ஜாடி, படிகாரம், அளவு, எழுதி வைத்தது, எல்லாம் சொன்னான். எங்களோடு பேசாதவனாக இருந்தாலும் எதிர் அறையில் இருந்தவன் இல்லையா. கதவு எந்நேரமும் திறந்துதான் இருக்கும்.

அப்புறம் நிறுத்தினான். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன். குரலை இறக்கிச் சொன்னான். நான் இரண்டு படி மேலே நகர்ந்தேன்.

"பாலம் போன அன்னைக்கு ஒண்ணு நடந்ததும்மா. கெமிஸ்ட் ஐயா அக்கரையில மாட்டிக்கிட்டார். ஆத்துல சேறு வருது. அந்தப் பொண்ணு ஜாடியில வெச்சுப் பாத்துட்டு, எவ்வளவு போட்டாலும் தெளியல, உள்ள வர்ற வால்வை மூடுங்கன்னு சொல்லுச்சு. அது சொல்லி நான் மூடறதான்னு உக்காந்துட்டேன். அதுவே வந்து சக்கரத்தைச் சுத்துச்சு. ரெண்டு ஆம்பளை சுத்துற சக்கரம். தோள்பட்டை எறங்கிப்போச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அப்புறம் என்ன ஆனது என்று அந்தம்மா கேட்டார்.

"ஊருக்குள்ள சேறு போகல. நேரத்துக்கு மூடினது வால்வுக்காரன்னு எனக்குக் கடிகாரம் குடுத்தாங்க. அது வாயைத் தொறக்கல. நானும் தொறக்கல. இன்னைக்குத்தான் தொறக்குறேன். எழுதிக்கிட்டீங்களா?"

அவன் மகன் ஃபோனைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டான். அந்தக் கடிகாரம் அவன் கையில்தான் இருக்கிறது.

நான் மேலே போகவில்லை. மெதுவாகக் கீழே இறங்கி டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பையன்கள், டீ சொல்லட்டுமா பெரியவரே என்றார்கள்.

ஜூன் 29

பாலம் போன வருஷம் தோளில் கட்டோடு வந்தாள். வழுக்கி விழுந்துட்டேன்பா என்றாள். நானும் வழுக்கி விழுந்தவன்தானே, நம்பிவிட்டேன். அந்தக் கையைத் தூக்கித் தலை வாரும்போது இன்றைக்கும் முகம் சுளிப்பாள்.

ஏம்மா சொல்லவில்லை, ஏன் அவன் மூடினதாக விட்டாய் என்று கேட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாராச்சும் மூடினதா இருக்கணும் இல்லப்பா. நான்தான் அங்க இல்லையே."

ஜூலை 13

இன்னும் தகவல் இல்லை. மாப்பிள்ளை அங்கி, அளவு என்று பேசுவதை நிறுத்திவிட்டார். அதுவே பயமாக இருக்கிறது.

ஜூலை 21

வந்துவிட்டது. வேலைக்கு ஒரு வருஷம் கழித்துக்கொள்கிறார்கள். நேராக மூன்றாம் வருஷத்தில் சேரலாம். கீழ் வகுப்புப் பாடம் ஒன்றை மட்டும் கூடவே சேர்த்துப் படிக்க வேண்டுமாம், வேலையிடத்துப் பாதுகாப்பு. இரண்டு ஆள் சுற்றுகிற சக்கரத்தைத் தனியாகச் சுற்றினதை அந்தம்மா கவனமாகத்தான் கேட்டிருக்கிறார்.

மகள் சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீரை வீணாக்குகிறவள் இல்லை அவள்.

ஜூலை 22

வால்வுக்காரனுக்கு நானே ஃபோனில் சொன்னேன். "உனக்காக இல்ல" என்றான். தெரியும்டா என்றேன்.

செப்டம்பர் 9

மகள் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பிள்ளைகளெல்லாம் ஆன்ட்டி என்கிறார்களாம். சாயங்காலம் வந்ததும் பாதுகாப்புப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறாள். ஏணியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அதை நான் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

நவம்பர் 2

காலையில் டயர் கடைக்காரன் ஃபோன் செய்தான். அப்பா போய்விட்டாராம். தூக்கத்திலேயே.

அழவில்லை அவன். நிதானமாகப் பேசினான். கூட வேலை பார்த்தவங்களுக்குச் சொல்லி விடணும், யாரையும் எனக்குத் தெரியாது, அந்த நிலையத்து ஆளுங்க இன்னும் யாராச்சும் இருக்காங்களா என்று கேட்டான். அங்கே எனக்குப் பதில் ஆளாக இவனைத்தான் போடச் சொன்னான் இவன் அப்பா, இவனுக்கு அது தெரியுமோ என்னவோ.

பழையபடி வரிசையாக எல்லாரும் வந்து நின்றார்கள். கெமிஸ்ட் ஐயா, மேஸ்திரி, பீப்பாய், காவல்காரர், குமாஸ்தா. அவர்கள் பக்கத்தில் இப்போது வால்வுக்காரன். என்னைச் சேர்க்க வேண்டாம், நான் பாதியில் படுத்தவன்.

ஒருத்தர் இருக்காங்க தம்பி என்றேன். ஜாடி அறையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவங்க. இன்னைக்கு வகுப்பு முடிஞ்சதும் வருவாங்க.

என் மகள்.