ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம்

நவம்பர் 14, வெள்ளி

கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிசுபிசுப்பு போகவில்லை. சோறு இறங்கவில்லை.

எண்ணூர் கம்பெனிப் பக்கமிருந்து கேஸ் நாற்றம் அடித்த நாளிலிருந்து எங்கள் தெருவில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. என் புருஷன் இடுக்கு விடாமல் பிரவுன் டேப்பே ஒட்டிவிட்டார். அப்படி அடைத்த வீட்டுக்குள்தான் மீன் வறுக்கிறேன், சாம்பிராணி போடுகிறேன். பொழுது சாய்ந்தால் கட்டிலுக்கடியில் கொசுவத்தி. எங்கள் பாப்பாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. கம்பெனிக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன்.

இன்று சாயங்காலம் பொறுக்காமல் டேப்பைப் பிய்த்து ஜன்னலைத் திறந்தேன். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வெறும் தூசிதான். ஈரத்துணியால் ஒரே இழுப்பில் போய்விட்டது. உள்பக்கத்தைத் துடைத்தால் துணி வழுக்குகிறது. தார் மாதிரி, எண்ணெய்ப் பிசுக்கோடு சுருண்டு சுருண்டு வந்தது. மோந்து பார்த்தேன். பழைய மீனும் கொசுவத்தியும் கலந்த வாடை.

துணியைப் புருஷனிடம் நீட்டினேன்.

"கம்பெனிக்காரன் வுட்ட புகை எம்மாங் கலீஜா கீது, பாத்தியா?" என்றார்.

"யோவ், இது உள்பக்கம்யா. நம்ம வூட்டுப் புகை."

"ஜன்னல தொறந்து வெச்சிகினு கீறியே, கொசு வராது?" என்று சொல்லி, இரண்டு கொசுவத்தியைச் சேர்த்துக் கொளுத்தினார்.

பிடுங்கித் தண்ணீரில் போட்டேன். கொசுவலையைத் தேடியெடுத்துக் கட்டினேன்.

வலைக்குள் பாப்பா தூங்குகிறாள். மூக்கடைப்பு, வாயால்தான் மூச்சு விடுகிறாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். இவள் நெஞ்சுக்குள் படிந்ததை எந்தத் துணியால் துடைப்பேன்?