பஸ்ஸில் வந்த தூக்கம்

கார்த்திகை, வெள்ளிக்கிழமை இரவு.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு எனக்குச் சரியான தூக்கமே இல்லை. நேற்று பூண்டுக் காட்டில் களை எடுக்கும்போது தலைசுற்றி விழுந்துவிட்டேன். அதனால் இன்று கொடைக்கானலுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன்.

"பொழுது சாஞ்சா காபி குடிக்காதீங்க. படுக்கையில செல்போன் பாக்காதீங்க. தெனமும் ஒரே நேரத்துக்குப் படுங்க. நல்லாத் தூங்குனாத்தான் ஒடம்பு தேறும்" என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னையறியாமல் அசந்துவிட்டேன். எங்கள் ஊர் வடகவுஞ்சியில் கண்டக்டர் குரல் கேட்டு விழித்தால், பக்கத்து சீட்டுப் பெண்ணின் தோளில் என் தலை கிடந்தது. அவளும் என்னோடு இறங்கினாள்.

"நான் முன்னாடியே பெருமாள்மலையில எறங்கியிருக்கணும்க்கா. என் கையப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குனீங்க. எழுப்ப மனசு வரல."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிக்கச் சொன்னேன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடும் என்றாள். எதிர் பஸ் வரும்வரை அவளோடு பனியில் நின்றேன்.

ராத்திரி காபி குடிக்கவில்லை. செல்போனை அடுப்படியில் வைத்துவிட்டேன். நேரத்துக்குப் படுத்தும் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.