தங்கூசித் தையல்

அண்ணை,

இன்று காலை ஒருவர் பழைய மோட்டோகிராஸ் பந்தய மோட்டார் சைக்கிளின் சீட் ஒன்றைக் கொண்டுவந்து என் தையல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கீழறை முழுக்க ஆமணக்கெண்ணெய் மணம். அந்தக் காலத்து ஓட்டக்காரர் பெற்றோலோடு கலந்து ஓட்டிய எண்ணெய் அது. புகையாகிச் சீட்டுக்குள் இருக்கும் ஃபோமில் ஊறிவிட்டால் லேசில் போகாது. முதன்முதலில் உங்கள் கொட்டிலில் அதை மணந்தபோது, சின்ன வயதில் மூக்கைப் பொத்திப் பேதிக்குப் பருக்கியதெல்லாம் நினைவுக்கு வந்து நான் வாசலுக்கு ஓடினேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இங்கத்தைய ஜேர்மன் ஆக்களுக்கு இதுதான் வாசனைச் சென்ற் என்றீர்கள்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. ஹாஃப்மானின் சீட் விஷயத்தில் நான் செய்த பிழையை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்ன நடந்தது என்று உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் எப்போது எதை நேராகச் சொல்லியிருக்கிறேன், சுற்றிவளைத்துத்தான் வருவேன்.

தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்துநின்றபோதுதான் முதலில் என்னோடு கதைத்தீர்கள். கையில் ஒரு கடதாசி மட்டை. நீர் பிளவுஸ் தைப்பீராமே, சட்டைக் கை எப்படி வெட்டுறது என்று கேட்டீர்கள். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது, இந்த மனுசனுக்கு என்னத்துக்குச் சட்டைக் கை என்று. பிறகுதான் விளங்கியது. எர்லாங்கனில் ஒரு உலோகப் பட்டறையில் வேலை செய்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் நகருக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டிலை வாடகைக்கு எடுத்து எழுபதுகளின் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அவற்றின் புகைக்குழாய் நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கி, எஞ்சினைச் சுற்றிச் சட்டைக் கை மாதிரி வளைந்து போகும். தகட்டில் துண்டு துண்டாக வெட்டி, சுருட்டி, வெல்ட் பண்ண வேண்டும். செய்த கொம்பனியே இழுத்து மூடியாகிவிட்டது, பாகம் எங்கும் கிடையாது. "கடையில இல்லையெண்டால் செய்யத்தானே வேணும்," என்றீர்கள், ஏதோ இடியப்பம் அவிப்பது மாதிரி.

அன்றைக்கு அந்த மட்டையை நான் வெட்டித் தந்தேன். வளைவின் உள்பக்கம் குறைத்து, வெளிப்பக்கம் கூட்டி. அடுத்த கிழமை அது தகடாகி, குழாயாகி இருந்தது. அதற்குப் பிறகு சீட் வேலையெல்லாம் என்னிடம் வந்தது. பிளவுஸ் தைச்சவள் இப்ப மோட்டார் சைக்கிளுக்குச் சட்டை தைக்கிறாள் என்று என்ர மனுசன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கிளச் லீவர், கால் மிதி, மட்கார்ட் என்று ஒவ்வொன்றையும் நீங்கள் அரத்தால் ராவி முடித்ததும் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பீர்கள். நல்லாயிருக்கு என்று உங்கள் வாயால் ஒருநாளும் வந்ததில்லை. "ம், இருக்கட்டும்" என்றால் அதுதான் உச்சப் பாராட்டு. அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்திருக்கிறேன் தெரியுமா.

ஹாஃப்மான் வந்தது அப்போதுதான். ஓய்வுபெற்ற கூரை வேலைக்காரர், இளமையில் இந்தப் பக்கத்து மேடுகளில் வண்டியில் பறந்து பறந்து ஓடியவர். அவருடைய வண்டி வைக்கோலுக்குப் பின்னால் இருபது வருடமாகக் கிடந்தது. இலையுதிர்காலத்துப் பழைய வண்டி ஓட்டத்தில் ஒரே ஒரு சுற்று ஓட வேண்டும், அதுதான் ஆசை என்றார். ஓட்டத் திடலில் அவர் சொல்லுக்கு எல்லாரும் காது கொடுப்பார்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் மற்றவர்களும் நம்பி வருவார்கள் என்று நீங்கள் அந்த வண்டியில் உயிரை விட்டீர்கள்.

சீட் என்னிடம் வந்தது. வெளிறிய நீலக் கவர். இடது பக்கம் ஒரு சாண் நீளக் கிழிசல். அதை ஆரோ தங்கூசியால், அதுதான் மீன்பிடிக்கிற நைலோன் நூலால், கோணல் மாணலாகப் பெரிய பெரிய தையலாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் சிரித்தேன் அண்ணை. இது ஆரின்ர சாக்குத் தையல் என்று எனக்கு நானே கேட்டுச் சிரித்தேன். கவரைப் பிரித்து, கடதாசியில் அளவு கீறி எடுத்துக்கொண்டு, எண்ணெய் ஊறின ஃபோமோடு சேர்த்துக் கறுப்புக் குப்பைத் தொட்டியில் போட்டேன். செவ்வாய்க்கிழமை குப்பை லொறி வந்து கொண்டுபோனது. புதுக்கவருக்கு இரட்டைத் தையல், ஓரத்தில் வெள்ளைப் பட்டி. என் வாழ்க்கையில் அதைவிடத் திறமாக நான் எதையும் தைக்கவில்லை.

சனிக்கிழமை ஹாஃப்மான் உங்கள் கொட்டிலுக்கு வந்தார். புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தார், லீவரைப் பிடித்துப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கை சீட்டின் இடது பக்கத்துக்குப் போனது. அங்கே தடவிக்கொண்டே நின்றார். பழைய கவர் எங்கே என்று கேட்டார். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் அது கிழிந்துபோனதாம். அவருடைய மனைவி புல்லில் முழங்காலில் இருந்து, தூண்டில் பெட்டியில் இருந்து நூலை எடுத்து, அவரைத் திட்டித் திட்டியே தைத்தாராம். அந்த அம்மா செத்து ஆறு வருடம். எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது போல, அதை எறிய வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றே தனக்குத் தோன்றவில்லை என்றார். கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

நான் வாயைத் திறக்கமுன் நீங்கள் திறந்துவிட்டீர்கள். உங்கள் உடைந்த ஜேர்மனில், நான்தான் எறிந்தேன், கேட்காமல் எறிந்தேன், பிழை என்னுடையது என்றீர்கள். அவர் சத்தம் போடவில்லை. வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னனீங்கள் என்று கேட்டேன். "உம்மட பேர் இப்பதான் வெளியில போகுது தங்கச்சி. அந்தாள் என்னோட கோவிச்சால் அது அந்த ஒரு ஆளோட போகும். நீர் பேசாம இரும்." நான் பேசாமல் இருந்தேன். உங்களுக்காக இருந்தேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, அதனால்தான் இருந்தேன்.

நீங்கள் கணக்குப் போட்டபடியே எனக்கு ஒரு குறையும் வரவில்லை, சீட்டுகள் வந்துகொண்டேயிருந்தன. உங்களுக்குத்தான் அந்த ஒரு ஆள் பெரிதாகிப் போனார். ஒவ்வொரு ஓட்டத் திடலிலும் அவரைத் தேடிப் போய், தொப்பியைக் கழற்றி, குரூஸ் கோட் என்று வணக்கம் சொல்வீர்கள். அவர் வேறு பக்கம் பார்ப்பார். நீங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஸ்பானரை எடுப்பீர்கள். அடுத்த திடலிலும் அதே. இரண்டு வருடம். ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல், இனிப் போகாதேங்கோ என்றேன். "அந்தாள் பாவம், பெண்சாதியின்ர தையல்," என்றீர்கள். அன்றைக்கே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாலு எட்டு நடந்தால் போதும், அங்கேதான் நின்றார். அடுத்த ஓட்டத்தில் சொல்வோம் என்று விட்டேன்.

அந்த மாரிகாலம் பட்டறையிலேயே உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமுன் முடிந்துவிட்டது. திடல்காரர் எத்தனையோ பேர் உங்கள் செத்த வீட்டுக்கு வந்தார்கள், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, எங்கட ஆக்கள் அழுகிறதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஹாஃப்மான் வரவில்லை.

அதற்குப் பிறகும் எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. வெட்கக்கேடு. இப்போதெல்லாம் பழைய சீட் யார் கொண்டுவந்தாலும், இதை ஆர் தைத்தது என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்கும்போது உங்கள் தொப்பியும் அந்த வணக்கமும் வந்து கண்முன் நிற்கும். போன மாதம் பஸ் பிடித்து ஹாஃப்மான் வீட்டுக்குப் போனேன்.

கோப்பி ஊற்றித் தந்தார். நான் குடிக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தையலைப் பார்த்துச் சிரித்ததையும் சொன்னேன். அவர் என்னைத் தன் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டி அப்படியே நிற்கிறது, நீங்கள் செய்த குழாயோடும் நான் தைத்த சீட்டோடும். ஒரு சுற்றுக்கூட ஓடவில்லை. சீட்டின் இடது பக்கத்தில் கையை வைத்தவர், அப்படியென்றால் அவர் செய்யாத ஒன்றுக்கா எனக்கு வந்து வந்து வணக்கம் சொன்னார் என்று கேட்டார். ஓம் என்றேன். தமிழில்தான் வந்தது, அவருக்கு விளங்கியது.

"அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால், நான் அவருக்குக் கை கொடுத்திருப்பேனே," என்றார்.

கோபமே இல்லை அவர் குரலில். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்பதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது படலைவரை கூட வந்து, எனக்குக் கையை நீட்டினார். பெரிய, காய்த்துப்போன கை. உங்களுக்கு வரவேண்டிய கை என்று தெரிந்துகொண்டே பிடித்தேன், அண்ணை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கே கொண்டுபோய் உங்களிடம் தருவது என்றுதான் தெரியவில்லை.