உப்பாத ஸ்கோன்

என் உயிரான அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்று தெரியும். அதனால்தான் ஊரார் படிக்கும் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழைகளை அச்சுக்கூடத்தார் திருத்திக்கொள்வார்கள். நீ சமையல்காரனாகவும் நான் ஆயாவாகவும் இருந்த பங்களாத் துரையின் பெயரை மட்டும் நானே விட்டுவிட்டேன். அதை நாளைக்கு வேறு இடத்தில் சொல்லவேண்டியிருக்கிறது.

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. அண்ணி நடமாடுகிறாள். உன் மகள் வள்ளி பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். "அத்தே, எங்கப்பா சம்சு குடிச்சா செத்தாரு? கொழாயடியில எல்லாரும் சொல்றாங்க." அடுப்பங்கரையில் அண்ணி அசையாமல் நின்றாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறாய்? ஒன்றும் சொல்லவில்லை அண்ணே. கள்ளச் சாராயத்தின் வாடைகூடப் பிடிக்காத உன்னைப் பற்றி அப்படிக் கேட்டபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே உன் ஸ்கோன் சுடுகிறேன், துரைமார் தேநீரோடு தின்னும் அந்தக் குட்டி ரொட்டி. வள்ளிக்குப் பிடிக்கும். பங்களா அடுப்பு நமக்கேது? பித்தளைச் சட்டியில் மணல் பரப்பி, கீழே ஒரு பங்கு கரி, மூடிமேல் இரண்டு பங்கு கரி. வெண்ணெயை மாவில் விரல் நுனியால் மட்டும் பிசறுகிறேன், உள்ளங்கைச் சூடு படாமல். பால் ஊற்றியபின் அதிகம் பிசைவதில்லை. இரண்டு விரல் கனத்தில் தட்டி, தம்ளரை நேராக அழுத்தி எடுக்கிறேன். திருகினால் ஓரம் நசுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புகிறது. கத்தி வைக்காமல் கையால் பிட்டால் நடுவில் தானாகப் பிரிகிறது. நன்றாகத்தான் வருகிறது அண்ணே. ஆனால் பேக்கிங் பவுடரில் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பார்க்காமல் மாவில் சேர்ப்பதில்லை. நுரைத்தால்தான் மூச்சு வருகிறது.

அன்றைக்கு நான் அப்படிச் செய்து பார்த்திருந்தால்?

அன்று விடிந்ததிலிருந்தே மழைக்கு முந்தைய புழுக்கம். கடற்கரைச் சவுக்கு மரங்கள் ஒரு கிளைகூட ஆடவில்லை. மாலை நாலு மணிக்கு துரையின் மனைவி மெம்மைப் பார்க்க எட்டு விருந்தாளிகள். காலையிலேயே ஒரு தட்டு சுட்டுப் பார்த்துவிடுவது உன் வழக்கம். டின் வெண்ணெய் உருகி வழிய, நீ ஐஸ் தண்ணீரில் கையை முக்கி முக்கி எடுத்து மாவு பிசறிக்கொண்டிருந்தாய். பவுடர் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோர் அலமாரியின் பின்வரிசையில் இருந்த டின்னை நீயே எடுத்துவந்தாய். நான் அவர்கள் மகள் சின்ன மிஸ்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒவ்வொரு தட்டிலும் முதல் ஸ்கோன் அவளுக்குத்தானே? நாலு வயசு, தவறாமல் வந்துவிடுவாள்.

பத்து நிமிஷத்தில் அடுப்பைத் திறந்தாய். வைத்தது வைத்தபடி கிடந்தன. ஒன்றுகூட எழும்பவில்லை.

"என்னடி அலமேலு இது? ஓடு மாதிரி கெடக்கு!"

"பால் கெட்டுப்போச்சா அண்ணே?"

"காலையில கறந்த பாலு. அதுல எலுமிச்சம்பழம் நான்தான் பிழிஞ்சேன்."

சின்னவள் கையை நீட்டினாள். "முத்து, எனக்கு!" என்னிடம் வளர்ந்தவள், நம் பேச்சுதான் பேசுவாள். நீ தட்டை மேலே தூக்கிவிட்டாய். "இது வேணாம் கண்ணு. நல்லா வரல. வேற சுட்டுத் தாரேன்." அவள் அழுதாள். நான்கூட, "ஒண்ணு குடேன், பிள்ளைதானே" என்றேன். "உப்பாத ஸ்கோனை என் கையால ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாய்.

எதில் குறை என்று பார்க்கத்தான் நீ ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாய். ஒன்றும் பிடிபடாமல் முழுதையும் தின்றாய். "ருசியில ஒண்ணும் தெரியலையே. பவுடருதான் செத்துப்போச்சு போல" என்றாய். மிச்சத்தைக் கோழிகளுக்கு வீசிவிட்டு, பக்கத்துப் பங்களாவில் பவுடர் கேட்டு வாங்கிவந்து மறுபடி ஆரம்பித்தாய். இரண்டாவது தட்டு அழகாக எழும்பியது. அதை நீ இறக்கும்போது உன் முகம் முழுக்க வேர்வை. அடுப்புச் சூடு என்றுதான் நினைத்தேன்.

நாலு மணிக்கு வராந்தாவில் விருந்தாளிகள் உன் ஸ்கோனைப் பிட்டு ஜாம் வைத்துச் சாப்பிட்டார்கள். யார் செய்தது என்று ஒரு அம்மாள் விசாரித்தது என் காதில் விழுந்தது. அப்போது நீ பின்கட்டு அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாய். வாந்தி நிற்கவே இல்லை. உனக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் கோழிகளைப் பார்த்தேன். ஆறும் வேலியோரம் கால் விறைத்துக் கிடந்தன.

துரையும் அங்கே நின்றார். கைத்தடியால் ஒரு கோழியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நேராக ஸ்டோருக்குள் போனார். வெளியே வந்தபோது அவருடைய கோட்டுப் பை புடைத்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த டின் இல்லை. நான் திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "தியாம், ஆயா" என்றார். பேசாதே என்று மலாயில் அதற்கு அர்த்தம்.

அவருக்குத் தெரிந்த டாக்டர் வந்து வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அண்ணி ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தபோது நீ கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினாய். "சின்னவ தின்னாளா?" என்று கேட்டாய்.

"இல்ல அண்ணே. நீதான் குடுக்கலையே."

சரி என்பதுபோலத் தலையை அசைத்தாய். உச்சி வெயில் ஏறுமுன் போய்விட்டாய்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று துரை என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் குரல் உயரவே இல்லை. "விசாரணை வந்தால் மாவு பிசைந்தது யார் என்றுதான் கேட்பார்கள். எங்களைக் கொல்லப் பார்த்து, தன் விஷத்தில் தானே மாட்டிக்கொண்டான் என்று எழுதுவார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளையை யோசித்துப் பார்" என்றார். யோசித்துப் பார்த்தேன். பயந்துபோனேன். சம்சு குடித்தாய் என்ற பேச்சை ஊரில் யார் கிளப்பினார்களோ, அதையும் நான் மறுக்கவில்லை.

பிறகு ஒருநாள் உண்மையைச் சொன்னது தோட்டக்கார மாணிக்கம். பங்களாவுக்குப் பின்னால் ஆளுயரம் வளர்ந்த லாலாங் புல்லைக் கருக்க ரப்பர் தோட்டத்திலிருந்து துரை வெள்ளைத் தூள் கொண்டுவந்திருக்கிறார். மாட்டையும் சாய்க்கும் விஷம். மழையில் பை கிழிந்துவிட்டது. மிச்சத்தைக் காலி பேக்கிங் பவுடர் டின்னில் துரையே கொட்டி, நனையாத இடத்தில் வைக்கச் சொன்னாராம். ஸ்டோரில் வைத்தவன் இவன்.

போன வாரம் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள்.

மழை விட்டதும் லாலாங் மறுபடி வளர்ந்திருந்தது. திங்கட்கிழமை பார்த்தால் அது மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. துரை மறுபடி அந்தத் தூளைக் கொண்டுவந்திருக்கிறார் என்று தெரிந்தது. அன்றைக்கே மெம் வந்து, "ஆயா, புதன்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். புதுக் குசினிக்காரனுக்கு ஸ்கோன் வரவில்லை, நீ செய்" என்றார். ஸ்டோரைத் திறந்தேன். முன்வரிசையில் ஒரு பவுடர் டின். அதன் பின்னால் இன்னொன்று, மூடி சரியாக மூடாமல்.

இரண்டு கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் ஊற்றி, இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி போட்டேன். ஒன்று பொங்கி நுரைத்தது. மற்றது மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் தட்டில் வைத்து வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

"மெம், இது மாவில் போடுவது. இது ராச்சுன்" என்றேன். விஷம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய்ச் சொல் அதுதான். "முத்தையா தின்றது இதைத்தான். அன்றைக்கு ஸ்கோன் உப்பவில்லை. உப்பியிருந்தால் முதல் ஸ்கோன் சின்ன மிஸ்ஸிக்கு."

மெம் இரண்டாவது தம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மெதுவாக, "அந்தக் கோழிகள்..." என்றார். அவரும் அவற்றைப் பார்த்திருக்கிறார் அண்ணே! கேட்டதற்கு ஏதோ சீக்கு என்று துரை சொல்லிவிட்டாராம். அதற்குள் துரை உள்ளேயிருந்து வந்துவிட்டார். "இவள்தான் விஷத்தை அங்கே வைத்திருக்கிறாள். அண்ணனைப் போலவே இவளும்" என்றார், அதே உயராத குரலில். மெம் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி இறுக்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போ ஆயா. இனிமேல் வராதே" என்றார். அந்த விஷ டின் குசினி மேஜைமேல் இருந்தது. முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அதை நம் வீட்டில் பெட்டிக்குள் பூட்டி, சாவியை என் கழுத்தில் போட்டிருக்கிறேன். வள்ளியை அந்தப் பக்கம் விடுவதில்லை. தினமும் சாயங்காலம் மாணிக்கம் வருகிறான்.

"அக்கா, டின்னைக் குடுத்துடு லா. ஆயாதான் வெச்சான்னு போலீஸ்ல சொல்லப் போறாராம் தொரை."

"நீ சாட்சி சொல்லுவியா மாணிக்கம்?"

அவன் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நிற்கிறான். வியாழக்கிழமையிலிருந்து எதிர்ச் சந்து முனையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் நிற்கிறார்கள். நாங்கள் கதவைத் திறந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மெம் ஒரு ரிக்‌ஷாக்காரரிடம் கடிதம் கொடுத்தனுப்பினார். அடுத்த வீட்டு கிளார்க் அண்ணன் படித்துச் சொன்னார். கோழிகள் செத்த நாளையும், அன்று தன் கணவர் ஸ்டோரிலிருந்து ஏதோ எடுத்துப்போனதைத் தான் பார்த்ததையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரை நேரில் பார்த்துவிடலாம் என்று நேற்றுப் போனேன். பங்களா ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. மெம்மையும் சின்னவளையும் துரை சீமைக்குக் கப்பலேற்றிவிட்டாராம். மெம் தானாகவே போனாரா, அனுப்பப்பட்டாரா? சின்னவள் என்னைக் கேட்டு அழுதிருப்பாளா?

கடிதத்தையும் டின்னையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை கோர்ட்டுக்குப் போகிறேன். கிளார்க் அண்ணன் கூட வருகிறார். அண்ணியும் வருகிறேன் என்கிறாள். என்னை நம்புவார்களா, அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்களா, தெரியவில்லை. நான் திரும்பி வராவிட்டால், இதைப் படிக்கிறவர்கள் வள்ளியிடம் அவள் அப்பா எப்படிச் செத்தார் என்று சொல்லுங்கள்.

அண்ணே, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனி வாயை மூட மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. செத்தது யார் என்று கூண்டில் கேட்பார்கள். பங்களா சமையல்காரன் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள மாட்டேன். வேலாயுதம் மகன் முத்தையா என்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அலமேலு